பன்னிரண்டு பிள்ளைகளையும் யார் பெற்றது?

களியக்காவிளை வட்டாரத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,



உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். சந்தையில் மீன்கூடைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறோம். சிலர் என்னிடமே படித்தவர்கள். ஓய்வுநாள் பள்ளி என்று சொல்கிறவர்கள், மறைக்கல்வி என்று சொல்கிறவர்கள், பாதி தமிழும் பாதி மலையாளமுமாக வகுப்பை ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சபைகள் வேறு வேறாக இருக்கலாம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் எல்லாச் சபையிலும் ஒன்றுதான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஆலயத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் எனக்கு வகுப்பு. சுவரில் ஒரு சார்ட் தொங்கும். மேலே யாக்கோபு, தாடியோடு. அவரிடமிருந்து கீழே பன்னிரண்டு கோடுகள். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு மகன், ரூபன் தொடங்கிப் பென்யமீன் வரை. பிள்ளைகள் அந்தப் பன்னிரண்டு பெயரையும் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். ஒரு ஞாயிறு, முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். “டீச்சர், இந்தப் பன்னிரண்டு பிள்ளையளையும் பெத்தது யாரு?”

“அது இன்னைக்குப் பாடத்துல இல்ல மக்களே, இரி” என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அந்த வகுப்பில் அவள் கையைத் தூக்கி நான் பார்க்கவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். பதில் சொல்லப் போனால் லேயாள் வருவாள், ராகேல் வருவாள். ஒருவனுக்கு அக்காளும் தங்கையும் பெண்டாட்டியா என்று அடுத்த கேள்வி வரும். பின்னாலேயே பில்காளும் சில்பாளும் வருவார்கள். வேலைக்காரிகளுக்கு எப்படிப் பிள்ளை என்று பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் நாலு தாய்மாரை விழுங்கினேன். நீங்களும் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால்தான் இந்த மடல்.

நாம் விழுங்கியதை ஆதியாகமம் விழுங்கவில்லை. ரூபன், சிமியோன், லேவி, யூதா, இசக்கார், செபுலோன் ஆகிய 6 பேரும் லேயாள் பெற்றவர்கள். தாணும் நப்தலியும் பில்காள் பெற்றவர்கள். காத்தும் ஆசேரும் சில்பாளின் பிள்ளைகள். யோசேப்பும் பென்யமீனும் ராகேலின் பிள்ளைகள். இது போகத் தீனாள் என்று ஒரு பெண், லேயாளின் மகள். உங்கள் சார்ட்டில் அவளுக்கும் கோடு கிடையாது. இதைவிட ஒன்று சொல்கிறேன். அந்த மகன்களுக்கு ஏறக்குறைய எல்லாப் பெயரையும் சூட்டியது லேயாளும் ராகேலும். ஒவ்வொரு பெயருக்குள்ளும் அந்தப் பெண்களின் அழுகையோ ஆறுதலோ இருக்கிறது. ராகேல் பிரசவத்தில் சாகும்போது கடைசிப் பிள்ளைக்குப் பெனொனி என்று பெயர் வைத்தாள். அதைத் தகப்பன் பென்யமீன் என்று மாற்றினார். இஸ்ரவேலின் கோத்திரப் பெயர்கள் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களே, அது பெரும்பாலும் ஓர் அக்காளும் தங்கையும் வைத்த பெயர்ப்பட்டியல். பெயர் வைத்தவர்களை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் நாம் மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

நம் வகுப்பு மற்ற ஊர் வகுப்பு மாதிரி இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். கேரள எல்லைச் சோதனைச் சாவடிக்கு இந்தப்புறத்துப் பிள்ளையும் அந்தப்புறத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கும். யாக்கோபு தன் மாமன் லாபானின் மகளைக் கட்டினான் என்று சொன்னதும் தமிழ் வீட்டுப் பிள்ளை, “முறைப்பொண்ணு தானே டீச்சர்” என்று சாதாரணமாகக் கேட்கும். பக்கத்தில் இருக்கும் மலையாளச் சிரியன் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைக்கு அது அதிர்ச்சி. அவர்கள் வீட்டில் மாமன் மகள் என்றால் தங்கச்சி மாதிரி. கத்தோலிக்க வீடானால் இப்படிப்பட்ட கல்யாணத்துக்குத் திருச்சபையின் விலக்கு அனுமதி வேண்டும். ஒரே வசனம், ஒரே பெஞ்ச், இரண்டு முகபாவம். இதைவிட நல்ல பாட உபகரணம் எந்த ஊர் ஆசிரியருக்குக் கிடைக்கும்?

அந்த வம்சத்தைக் கரும்பலகையில் ஒருமுறை நம் முறையில் எழுதிப் பாருங்கள். தேராகுக்கு 3 மகன்கள்: ஆபிராம் (பின்னால் ஆபிரகாம்), நாகோர், ஆரான். ஆரானின் மகள் மில்காளை நாகோர் கட்டுகிறான். அண்ணன் தம்பி மகள் நமக்கு மகள் முறை; யாரும் கட்ட மாட்டோம். அக்காள் மகளைக் கட்டுகிற வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அந்த வழக்கமுள்ள வீட்டிலும் அண்ணன் மகள் மகள்தான். மனைவி சாராள் தன் தகப்பனுக்கே மகள், ஆனால் தாய் வேறு என்று ஆபிரகாமே அபிமெலேக்கு ராஜாவிடம் சொல்கிறார். நாகோருக்கும் மில்காளுக்கும் பிறந்தவன் பெத்துவேல். ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்கு அவன் அண்ணன் தம்பி முறை. அந்தப் பெத்துவேலின் மகள் ரெபெக்காளை ஈசாக்கு கட்டுகிறான். நம் கணக்கில் அதுவும் மகள் முறை.

பிறகு யாக்கோபு வருகிறான். கிணற்றடியில் ராகேலைப் பார்த்து, நான் உன் தகப்பனுக்குச் சகோதரன் என்கிறான். எபிரேய மூலத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது. லாபான் அவனுக்குத் தாய்மாமன் ஆயிற்றே, மாமனுக்கு எப்படிச் சகோதரன் ஆவான் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். எபிரேயத்தில் அந்தச் சொல் நெருங்கிய சொந்தக்காரன் எவனுக்கும் பொருந்தும். ஆபிரகாமுக்கு லோத்து அண்ணன் தம்பி மகன்தான். அவனையும் வேதம் சகோதரன் என்கிறது. ஆனால் நம் கணக்கில் இதில் இன்னொரு ரசம் உண்டு. பெத்துவேலும் ஈசாக்கும் அண்ணன் தம்பி என்றால் அவர்கள் மகன்கள் லாபானும் யாக்கோபும்கூட அண்ணன் தம்பிதான். தாய்வழி எண்ணினால் லாபான் மாமன். தகப்பன்வழி எண்ணினால் அண்ணன். மாமன் என்று எண்ணினால் ராகேல் முறைப்பெண். அண்ணன் என்று எண்ணினால் அவள் மகள். ஒரே பெண், இரண்டு உறவு. எந்த வழியில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொந்தமே மாறிவிடுகிறது.

இது நம் மண்ணுக்குப் புதுசா? திருவிதாங்கூர் சிம்மாசனம் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போன சீமை இது. 1729-இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தது மருமகன் என்ற உரிமையில். முந்தைய ராஜா ராமவர்மாவின் மகன்கள் தங்களுக்கே பட்டம் என்று எழுந்து மாண்ட கதையை ‘தம்பிமார் கதை’ என்று வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நம் தாத்தாமார். நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளில் சொத்து மருமக்கள்வழியில் போனதால் பெண்டாட்டி பிள்ளைகள் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்று நையாண்டியாக எழுதினார். 1926-இல் சட்டமே வந்து அந்த வழக்கத்தை மாற்றியது. வம்சம் என்றால் தகப்பன் வழி மட்டும்தான், அது வானத்திலிருந்து அப்படியே விழுந்தது என்று வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் சொல்லலாம். இந்தக் குமரி மாவட்டத்தில் அப்படிச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் மறக்கவில்லை. 7 வயசுப் பிள்ளையிடம் யூதா, தாமார் கதையைச் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். வேண்டாம். வயசுக்கு ஏற்ற மாதிரிச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு, தாமார் பாரேசின் அம்மா என்பது போதும். 15 வயசுக்காரனுக்கு அத்தியாயத்தையே வாசிக்கக் கொடுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த வயசிலும் பொய் சொல்லாதீர்கள். பதிலைப் பிறகு சொல்கிறேன் என்பது வேறு, அப்படிக் கேட்கக் கூடாது என்பது வேறு.

முற்பிதாக்களின் மரியாதை போய்விடும் என்று இன்னும் சிலர் சொல்வீர்கள். யோசித்துப் பாருங்கள். தகப்பனுக்குப் பிறந்த மகளைக் கட்டக்கூடாது என்று லேவியராகமம் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது, ஆபிரகாம் கட்டியிருக்கிறார். அக்காள் உயிரோடு இருக்கும்போது தங்கையைக் கட்டக்கூடாது என்று அதே அதிகாரம் சொல்கிறது, யாக்கோபு கட்டியிருக்கிறான். தகப்பனின் சகோதரி, அதாவது அத்தை, கூடாது என்கிறது. மோசேயின் தகப்பன் அம்ராம் தன் அத்தை யோகெபேத்தைத்தான் கட்டியிருந்தான், அவள் பெற்ற மகன்தான் மோசே. தன் தாய் தகப்பன் கல்யாணத்தையே தடுக்கிற சட்டத்தை ஜனத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டிய நிலை அவருக்கு. இதை எழுதி வைத்தவர்களுக்கு முன்னோர்மேல் மரியாதை குறைவா? மறைத்திருக்க எத்தனை வசதி இருந்தும் அவர்கள் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் நம்பிக்கையைத் தருகிறது. அவர்கள் மறைக்காததை நாம் மறைப்பது எந்த விதத்தில் பக்தி?

கணக்குக் கேள்விகளும் வரும். தேராகுக்கு 70 வயசானபோது ஆபிராம் முதலிய மூவரும் பிறந்தார்கள் என்று வாசிப்போம். தேராகு 205 வயசில் ஆரான் என்ற ஊரில் இறந்தார் என்றும், ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயசு 75 என்றும் வாசிப்போம். 70-ஐயும் 75-ஐயும் கூட்டினால் 145. அப்படியானால் மகன் புறப்பட்ட பிறகும் தகப்பன் 60 வருஷம் இருந்திருக்க வேண்டுமே. ஆனால் தகப்பன் இறந்தபிறகே ஆபிரகாம் புறப்பட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் 7-ஆம் அதிகாரத்தில் ஸ்தேவான் சொல்கிறார். நாலாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு இது. போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

அப்போது நீங்கள் திட்டாதீர்கள். சமாரியர்கள் வைத்திருக்கிற ஐந்தாகமத்தில் தேராகு 145 வயசில் இறந்ததாக இருக்கிறது, கணக்கு அங்கே சரியாக நிற்கிறது என்று சொல்லுங்கள். ஆபிராம் பெயர் முதலில் வருவதாலேயே அவர்தான் மூத்தவர் என்று ஆகாது, கடைசிப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்று விளக்குகிறவர்கள் உண்டு, அதையும் சொல்லுங்கள். இரண்டையும் கேட்ட பையன் ஒன்றும் அவிசுவாசி ஆகிவிட மாட்டான். பழைய ஏடுகளைப் பகுத்துப் படிக்க வேண்டும் என்ற புத்தி அவனுக்கு வரும். நீங்கள் சொல்லாவிட்டால் கையில் இருக்கிற போன் சொல்லிவிடும், அதுவும் கேலி செய்கிற ஒருவனின் வாயால். பிறகு அவன் உங்களையும் நம்ப மாட்டான், நீங்கள் கையில் வைத்திருக்கிற புத்தகத்தையும் நம்ப மாட்டான்.

இனி, இந்த மடலை எழுத வைத்த காரியம். அன்றைக்கு நான் உட்கார வைத்த பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருப்பது பாறசாலைப் பக்கம். போன வருஷம் வீட்டுக்கு வந்தாள். அவள் பிறந்த குடும்பத்தார் குடும்ப சங்கமம் வைத்து, வம்ச வரலாறு என்று ஒரு புத்தகம் அச்சடித்திருக்கிறார்கள். வழவழப்பான அட்டை, உள்ளே மரம் மாதிரி விரிகிற படம். அவளுடைய தகப்பன் பெயருக்குக் கீழே அண்ணனுக்கு ஒரு கோடு, தம்பிக்கு ஒரு கோடு. ஓரத்தில் சின்ன எழுத்தில், “பெண்மக்கள் 2”. அவ்வளவுதான். அவள் பெயர் இல்லை, அவளைப் பெற்றவள் பெயரும் இல்லை. புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, “டீச்சர், அன்னைக்கு நான் கேட்டது ஞாபகம் இருக்கா?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் என்னைப் போன்ற ஒரு டீச்சரிடம் படித்தவர்கள். வம்சம் என்றால் எப்படிப் படம் போட வேண்டும் என்று கொட்டகைச் சுவரில் தொங்கிய அந்த சார்ட் சொல்லிக்கொடுத்தது. அவர்கள் அப்படியே போட்டிருக்கிறார்கள்.

பெயர் விட்டுப்போவது பெயரோடு நின்றுவிடாது. எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் மகள்கள் 5 பேர் மோசேயின் முன்னால் வந்து நிற்கிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். யோசேப்பிலிருந்து மனாசே, மாகீர், கிலெயாத், எப்பேர், செலொப்பியாத் என்று இறங்கிய வம்சத்தில் வந்தவர்கள். எங்கள் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக அவர் பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று சபை முழுவதும் பார்த்திருக்கக் கேட்கிறார்கள். மோசே அவர்களை அதட்டவில்லை. தாமாகத் தீர்ப்பும் சொல்லவில்லை, வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது நியாயம் என்று பதில் வந்தது. பிற்பாடு 36-ஆம் அதிகாரத்தில், நிலம் வேறு கோத்திரத்துக்குப் போகாதபடி தகப்பன் கோத்திரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வந்தது. அவர்கள் சித்தப்பா பெரியப்பா மகன்களைக் கட்டினார்கள். அந்த நிபந்தனை சரியா என்றும் உங்கள் மாணவி கேட்பாள். கேட்கட்டும். யோசுவா புத்தகத்தில் அந்த ஐவருக்கும் நிலம் கிடைக்கிறது. கேட்டதால் கிடைத்தது.

நம் சீமையிலும் ஒருத்தி கேட்டாள். 1916-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் கால்பாகம், அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அந்தச் சட்டம் எல்லாச் சபையாருக்கும் ஒன்றுபோல் பொருந்தவில்லை என்பது உண்மை. ஆனால் 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அது நம்மை விடவில்லை. குமரி மாவட்டத்துக்கு இன்னமும் அது செல்லும் என்று 1978-இல்கூடச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கோட்டயத்துக்காரி மேரி ராய் உச்சநீதிமன்றத்துக்குப் போய் 1986-இல் அதை முறியடித்தார். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951-லிருந்தே நமக்குச் செல்லும், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று ஆயிற்று. சட்டம் இப்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பத்திர அலுவலக வராந்தாவில், “நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம்” என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் தங்கச்சியின் கையெழுத்தை வாங்குகிற அண்ணன்மாரை நீங்கள் பார்த்ததில்லையா? பேசாமல் கையெழுத்துப் போடுகிற அந்தத் தங்கச்சியும் நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள்தான். கேட்கக் கூடாது என்பதை அவள் முதலில் படித்தது எங்கே?

ஆகையால் உங்களிடம் 3 காரியம் கேட்கிறேன்.

முதலாவது, அந்த சார்ட்டைக் கழற்றுங்கள். பிள்ளைகளை வைத்தே புதிதாக வரையுங்கள். யாக்கோபுக்குப் பக்கத்தில் 4 தாய்மாரை எழுதி, ஒவ்வொருத்தியிடமிருந்தும் அவள் பெற்ற பிள்ளைகளுக்குக் கோடு போடுங்கள். தீனாளுக்கும் ஒரு கோடு. ஆபிரகாமுக்குச் சாராள், ஆகார், கேத்தூராள் மூவரையும் எழுதுங்கள். கேத்தூராளை ஆதியாகமம் மனைவி என்கிறது, நாளாகமம் மறுமனையாட்டி என்கிறது; இரண்டையும் எழுதி ஒரு கேள்விக்குறி போடுங்கள். வகுப்புச் சுவரில் ஒரு கேள்விக்குறி இருந்தால் ஆலயம் இடிந்து விழாது.

இரண்டாவது, வகுப்பின் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பிள்ளைகளின் கேள்விக்கு விடுங்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் மோசே செய்த மாதிரி, தெரியவில்லை, கேட்டுவந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒரு வீட்டுப்பாடம். அம்மா, அம்மாவைப் பெற்ற பாட்டி, பாட்டியைப் பெற்றவள் என்று எத்தனை தலைமுறை முடியுமோ அத்தனை பெயர்களையும் வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். மலையாளத்தில் எழுதினாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி. அடுத்த குடும்ப சங்கமப் புத்தகத்தை இந்தப் பிள்ளைகள்தான் அச்சடிக்கப் போகிறார்கள்.

நானும் அந்த வீட்டுப்பாடத்தைச் செய்து பார்த்தேன். தகப்பன் வழியில் ஆறு தலைமுறை ஆண்கள் பெயரைத் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவேன். தாய் வழியில் பாட்டியோடு நின்றுவிட்டது. பாட்டியின் அம்மை பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்த காலத்தில் நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
களியக்காவிளை.